பழைய டபுள் கப்பை வீட்டு முற்றத்தில் வைத்து உயர்த்துவது

கேள்வி: "அண்ணை, என்னிடம் 1999ஆம் ஆண்டு மிட்சுபிசி எல்200 டபுள் கப் பிக்கப் ஒன்று நிற்கிறது. ஒட்டுசுட்டானில் இருந்து நெடுங்கேணிப் பக்கம் காணிக்குப் போய்வருகிறேன். மாரியில் உழவு மெசின் போன தடத்தில் பின் டிஃப் (பின் அக்சிலின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி) நிலத்தில் முட்டி வாகனம் இறுகிவிடுகிறது. வாகனத்தை இரண்டு அங்குலம் உயர்த்துகிற லிஃப்ட் கிட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். முன்னுக்கு டோர்சன் பார் (முறுகி ஸ்பிரிங் வேலை செய்கிற கம்பி), பின்னுக்கு லீஃப் ஸ்பிரிங் (தகடு அடுக்கிய ஸ்பிரிங்), டயர் 235/75ஆர்15. வீட்டிலேயே பூட்டலாமா? நீள சக்கிளும் போட்டு நாலு அங்குலம் எடுக்கலாம் என்று சினேகிதன் ஒருவன் சொல்கிறான். அது சரிவருமா?"

பூட்டலாம் தம்பி. நல்ல சாமானும் கூட ஒரு ஆளும் இருந்தால் இரண்டு அங்குலக் கிட் வீட்டில் செய்யக்கூடிய வேலைதான். நாலு அங்குலக் கதையை விட்டுவிடுங்கள், ஏனென்று பிறகு சொல்கிறேன். அதற்கு முதல் உங்கள் கேள்விக்குள்ளேயே கிடக்கிற ஒரு விசயம் இருக்கிறது. உங்கள் கரைச்சல் பின் டிஃப் முட்டுவது. இந்தக் கிட் பின் டிஃப்பை ஒரு மில்லிமீற்றர்கூட உயர்த்தாது.

பின் அக்சில் இரண்டு சில்லையும் சேர்க்கிற ஒரே துண்டு. அதற்கும் நிலத்துக்கும் நடுவில் இருப்பது டயர் மட்டும்தான். மேலே இருக்கிற ஸ்பிரிங்கை மாற்றினால் செஸி என்கிற அடிச்சட்டமும் அதன் மேலுள்ள பொடியும் உயரும், அக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். டிஃப் உயர வேண்டுமென்றால் டயர் பெருக்க வேண்டும், பெருத்தாலும் அதில் பாதிதான் கிடைக்கும். 235/75ஆர்15 டயரின் விட்டம் ஏறக்குறைய 733 மில்லிமீற்றர். 31 அங்குல டயர் என்றால் 787. வித்தியாசம் 54, டிஃப்புக்குச் சேருவது 27. ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். முன்னுக்கு அப்படியில்லை. அங்கே டிஃப் செஸியில் தொங்குகிறது, ஆகவே முன்பக்கத்தை உயர்த்தினால் முன் டிஃப்பும் சேர்ந்து உயரும். இறுகுகிறவர்கள் பெரும்பாலும் பின்னால் இறுகுவதற்குக் காரணம் இதுதான்.

அப்படியென்றால் கிட் வீண் காசா? இல்லை. 31 அங்குல டயர் மட்காட்டில் உரசாமல் திரும்ப இடம் வேண்டும், அதைக் கிட் தரும். வயிற்றுப் பக்கம், கியர்பொக்ஸ் பாலம், நாலு சில்லுக்கும் இழுவையைப் பிரிக்கிற ட்ரான்ஸ்பர் கேஸ் எல்லாம் உயரும். வாய்க்கால் வரம்பில் ஏறி இறங்கும்போது முன் பம்பரும் பின் தொங்கலும் இடிப்பது குறையும். அதோடு, இத்தனை வருசம் மண்ணும் கல்லும் நெல்மூட்டையும் சுமந்த ஸ்பிரிங் கட்டாயம் அமர்ந்திருக்கும். கிட் தருகிற இரண்டு அங்குலத்தில் ஒரு பங்கு, வாகனம் புதிதாக இருந்தபோது இருந்த உயரத்தைத் திருப்பித் தருவதுதான்.

மாரித் தடத்துக்கு இன்னொரு வழியும் உண்டு, காசு இல்லாத வழி. உழவு மெசின் வெட்டிய குழிக்குள் இரண்டு சில்லையும் இறக்காதீர்கள். ஒரு பக்கச் சில்லை நடு மேட்டில் ஏற்றி, மற்றதைத் தடத்துக்கு வெளியே விட்டு ஓடுங்கள். டயர் காற்றை 20, 22 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள். அளம்பில், நாயாற்றுப் பக்க மணலில் 18க்கும் போகலாம். கார்ப்பெட் வீதிக்கு ஏறும்போது மறக்காமல் காற்றடிக்க வேண்டும், ஆகவே பற்றரியில் ஓடுகிற சின்னப் பம்ப் ஒன்று வாகனத்தில் கிடக்கட்டும். லிஃப்ட் கிட்டின் விலையோடு பார்த்தால் அந்தப் பம்ப் ஒன்றுமே இல்லை, சேற்றில் அது செய்கிற உதவியோ பெரிது.

இப்போது நாலு அங்குலம். உங்கள் முன்பக்கத்தில் அரை அக்சில்கள் டிஃப்பில் இருந்து சில்லுக்கு ஒரு சரிவில் போகின்றன. வாகனம் உயர உயர அந்தச் சரிவு கூடும். டோர்சன் பாரை முறுக்கி ஒன்றரை அங்குலம், மிஞ்சினால் இரண்டு அங்குலம்வரை அரை அக்சிலின் வளையும் மூட்டான சிவி ஜொயின்ட் தாங்கும். அதற்கு மேல் போனால் அந்த மூட்டை மூடுகிற ரப்பர் பூட் மடிப்பில் உரசிக் கிழியும், கிரீஸ் வெளியே போகும், சேறு உள்ளே வரும், பிறகு திருப்பத்தில் 'டக் டக்' என்று சத்தம். மேல் ஆர்ம் கீழ்நோக்கிய தடுப்பு ரப்பரில் முட்டிக்கொண்டே நிற்கும், சின்னக் குழியில்கூடச் சில்லு கீழே இறங்க இடமிருக்காது. டோர்சன் பாரை முறுக்கினால் ஸ்பிரிங் பலமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பலம் மாறாது, வாகனம் நிற்கிற உயரம் மட்டும்தான் மாறும். மேலே எடுத்ததைக் கீழே கொடுக்க வேண்டும்.

நீள சக்கிள் பற்றியும் உங்கள் சினேகிதன் கணக்கைப் பாதிதான் சொல்லியிருக்கிறார். சக்கிள் என்பது ஸ்பிரிங்கைச் செஸியோடு சேர்க்கிற தகடு, அது லீஃப் ஸ்பிரிங்கின் ஒரு முனையில்தான் இருக்கிறது. அதை இரண்டு அங்குலம் நீட்டினால் அக்சில் இருக்கிற நடுப்பகுதியில் வருவது ஏறக்குறைய ஒரு அங்குலம். அதோடு, அக்சில் சுழன்று டிஃப்பின் மூக்குச் சரிவு மாறும், டிஃப்புக்கு இழுவை கொண்டுவருகிற புரொப்பெலர் சாவ்ட் அதிரும், பாரத்தோடு வளைவில் போகும்போது பின்பக்கம் பக்கவாட்டில் ஆடும். உயரமான வாகனம் சட்டென்று வெட்டித் திருப்பினால் கவிழக்கூடியது என்பதையும் நினைவில் வைத்திருங்கள். பரந்தன் - முல்லைத்தீவு ஏ35 வீதியில் இரவில் மாடு படுத்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, வேலைக்கு வருவோம். பெட்டியைத் திறக்க முதல் பழசைப் பாருங்கள். போல் ஜொயின்ட், டை ரொட் முனை, ஆர்ம் புஸ் (மூட்டுக்குள் இருக்கிற ரப்பர் குழாய்), வீல் பெயரிங் இவற்றில் ஆட்டம் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். தேய்ந்த போல் ஜொயின்டை உயர்த்தினால் தேய்வு கெதியாகும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் பழைய டபுள் கப் எல்லாம் கைமாறிக் கைமாறி, தேய்ந்த சாமானுக்கு மேல் பெயின்ட் அடித்து வந்திருக்கின்றன. உங்களுடையது எப்படி என்று படுத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

பிறகு நாலு சில்லிலும் சில்லின் நடுமையத்தில் இருந்து மட்காட் விளிம்புவரை அளந்து ஒரு கடதாசியில் எழுதுங்கள். தரையில் இருந்து அளந்தால் டயர் காற்றுக்கு ஏற்ப அளவு மாறும், மையத்தில் இருந்து அளந்தால் மாறாது. கழற்ற வேண்டிய போல்ட்டுகளுக்கு இரண்டு மூன்று நாள் முந்தியே துரு இளக்கும் எண்ணெய் அடியுங்கள். கொக்கிளாய், முல்லைத்தீவுக் கரையோரம் ஓடிய வாகனம் என்றால் ஸ்பிரிங்கின் முன் போல்ட் புஸ்ஸின் இரும்புக் குழாயோடு துருவில் ஒட்டியிருக்கும். அதை அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும். புது போல்ட்டும் புது புஸ்ஸும் கையில் இல்லாமல் தொடங்காதீர்கள்.

இடம் முக்கியம். எங்கள் முற்றத்து மண் வெயிலில் கல்லுப்போல இருந்தாலும் ஜக்கின் கால் பட்ட இடத்தில் பாரம் ஏறினால் இறங்கிவிடும். மணல் தரை இன்னும் மோசம். சீமெந்துத் தரை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பாலை அல்லது முதிரைப் பலகை, இரண்டு அங்குலத் தடிப்பில், ஜக்குக்கும் ஒவ்வொரு அக்சில் ஸ்டாண்டுக்கும் கீழே அகலமாகப் போடுங்கள். சீமெந்துக் கல்லை அடுக்கி வாகனத்தை அதன்மேல் நிறுத்துகிற பழக்கம் எங்கள் பக்கம் நிறைய. துளையுள்ள கல் பாரத்தில் வெடிக்கும்போது முன்னறிவிப்புத் தராது, அப்படியே நொறுங்கும். வாகனத்தின் கீழே தலையை விடுவதற்கு முன் பாரம் ஸ்டாண்டில் இருக்கிறதா என்று தள்ளிப் பாருங்கள். ஜக் உயர்த்துவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்ட்.

பின்னுக்கு முதலில் செய்யுங்கள், அதுதான் இலகு. ஹேன்ட் பிரேக் பின் சில்லைத்தான் பிடிக்கும். பின்பக்கம் தூக்கியாகிவிட்டால் அதால் பிரயோசனம் இல்லை, ஆகவே முன் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். ஸ்டாண்ட் செஸியில், ஸ்பிரிங்கின் முன் தாங்கிக்குச் சற்று முன்னால். ட்ரொலி ஜக் அக்சிலின் கீழ். சொக் அப்சோபரைக் கழற்றி, அக்சிலை மெதுவாக இறக்குங்கள், ஸ்பிரிங்கின் இறுக்கம் போகும்வரை மட்டும். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் கழற்றாமல் ஒரு பக்கம் முடித்து மற்றப் பக்கம் போங்கள். அப்படிச் செய்தால் அக்சில் இடம் மாறி அலையாது.

புது ஸ்பிரிங்கில் நடு போல்ட் சரிநடுவில் இருக்காது, ஒரு பக்கம் நீளம், மற்றது கட்டை. பழசைக் கழற்றும்போதே எந்தப் பக்கம் முன் என்று பார்த்து வையுங்கள். நடு போல்ட்டின் தலை அக்சிலில் உள்ள துளைக்குள் வடிவாக உட்கார வேண்டும். ஸ்பிரிங்கை அக்சிலோடு கட்டுகிற யூ போல்ட் கட்டாயம் புதிது. ஒருமுறை இறுக்கிய யூ போல்ட் நீண்டுவிட்டது, திரும்பப் போட்டால் பிடிப்பு நிற்காது. நாலு நட்டையும் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, கிட்டோடு வந்த தாளில் உள்ள அளவுக்கு இறுக்கத்தை அளந்து காட்டுகிற டோர்க் ரெஞ்சால் இறுக்குங்கள். டோர்க் ரெஞ்ச் இல்லையென்றால் கராஜில் ஒருநாளுக்கு இரவல் கேளுங்கள். நீளப் பைப் போட்டு மிதித்து இறுக்குவது சரிவராது.

ஸ்பிரிங் கண் போல்ட்டையும் சக்கிள் போல்ட்டையும் இப்போது கையால் மட்டும் பூட்டிவிடுங்கள். கடைசி இறுக்கம் வாகனம் தன் சில்லில் தரையில் நின்ற பிறகு. தொங்குகிற நிலையில் இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் புஸ் முறுகிய நிலையிலேயே நிற்கும், கொஞ்ச மாதத்தில் கிழியும். கிட் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை பிடிக்கிறவர்களில் பாதிப் பேரின் பிரச்சினை இந்தப் புஸ்தான்.

ஸ்பிரிங் மாற்றாமல் அக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைக்கலாமா என்று யாராவது சொல்வார்கள். பின்னுக்கு ஒரு கட்டை, ஒழுங்காகச் செய்தது என்றால் ஓடும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கட்டை வேண்டவே வேண்டாம். பழைய ஜீப் மாதிரி முன்னுக்கும் லீஃப் ஸ்பிரிங் உள்ள வாகனத்தில் முன்னுக்குக் கட்டை எப்போதுமே கூடாது.

இனிச் சொல்லப்போவது பலர் தவறவிடுகிற இடம். பின் அக்சிலுக்கும் செஸிக்கும் நடுவில் ஒரு மெல்லிய கம்பியும் சின்ன ஸ்பிரிங்கும் போய், மேலே பிரேக் பைப் வருகிற ஒரு வால்வில் முடிகிறதா என்று பாருங்கள். டபுள் கப்கள் பலவற்றில் இது உண்டு. பின்னுக்குப் பாரம் ஏறினால் செஸி அமரும், கம்பி வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் போகும். வெறுமையாக இருந்தால் அழுத்தம் குறையும், பின் சில்லு பூட்டிச் சறுக்காமல் இருக்க. இப்போது நீங்கள் பின்னுக்கு இரண்டு அங்குலம் உயர்த்தினால், வாகனம் எப்போதும் வெறுமையாக இருக்கிறது என்றே அந்த வால்வு எடுத்துக்கொள்ளும். பத்து மூட்டை நெல்லோடு வரும்போதும் பின் பிரேக் பாதிக்குத்தான் பிடிக்கும், முன் பிரேக் கிடந்து வேகும். கம்பியின் தாங்கியை உயர்த்திய அளவுக்கு ஏற்றபடி நகர்த்த வேண்டும். நல்ல கிட்டில் அதற்கென்று ஒரு சின்னத் தகடு இருக்கும். இல்லையென்றால் பிரேக் வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் செய்யுங்கள், கண்மட்டத்தில் வளைத்து விடாதீர்கள்.

பிரேக் ஹோஸையும் அந்த இடத்திலேயே பாருங்கள். அக்சிலை முழுதாகத் தொங்கவிட்டு, செஸியில் இருந்து அக்சிலுக்கு வரும் ரப்பர் ஹோஸ் விறைத்து நிற்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். விறைப்பு இருந்தால் நீள ஹோஸ் போட்டு, பிரேக் பைப்புக்குள் புகுந்த காற்றை எடுத்துவிட வேண்டும். முன் சில்லிலும் இதேதான், ஆனால் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள்.

டிஃப்பின் மூச்சுக் குழாய்க்கும் இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. அக்சிலின் மேல் ஒரு சின்ன வால்வு இருக்கும். ஓடிச் சூடான டிஃப் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளே காற்றுச் சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அந்த வால்வுக்கு ஒரு ஹோஸ் பூட்டி மேலே கொண்டுபோய்க் கட்டுங்கள். மாரி முடிந்ததும் டிஃப் ஒயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது, உடனே மாற்ற வேண்டும். லிஃப்ட் போட்டுவிட்டேன் என்று மழை நேரத்தில் வட்டுவாகல் பாலத்துக்கு மேல் தண்ணீர் பாயும்போது இறங்க வேண்டாம். எஞ்சின் காற்று எடுக்கிற வாய் இரண்டே அங்குலம்தான் உயர்ந்திருக்கிறது. பாய்கிற தண்ணீர் வாகனத்தைப் பக்கவாட்டில் தள்ளும்போது உயரம் கைகொடுக்காது.

முன்பக்கம். டோர்சன் பாரின் பின் முனையில் ஒரு நெம்பும் அதைப் பிடிக்கிற நீள போல்ட்டும் இருக்கும். தொடங்க முதல் அந்த போல்ட் எவ்வளவு வெளியே தெரிகிறது என்று இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள், நெம்பிலும் பாரிலும் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். கிட்டில் புது டோர்சன் பார் இல்லாமல், பழசையே முறுக்கச் சொல்லியிருந்தால் வேலை சுலபம். முன்பக்கத்தைத் தூக்கிச் சில்லுகளைத் தொங்கவிட்டு, மரைக்குக் கிரீஸ் பூசி முறுக்குங்கள். பாரம் சில்லில் நிற்கும்போது முறுக்கினால் மரை போய்விடும். கொஞ்சம் முறுக்கி, இறக்கி, வாகனத்தை முன்னும் பின்னும் உருட்டி, பம்பரை அமத்தி அமத்தி விட்டு, பிறகு அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே சுற்று முறுக்க வேண்டும் என்றில்லை, இரண்டு பக்கமும் ஒரே உயரம் வர வேண்டும். சாரதிப் பக்கம் பெரும்பாலும் கொஞ்சம் கூடக் கேட்கும். மேல் ஆர்முக்கும் அதன் கீழிறங்கும் தடுப்பு ரப்பருக்கும் நடுவில் ஒரு விரல் தாராளமாக நுழையும் இடைவெளி இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். அது ஒன்றரை அங்குலத்தில் வந்தால் ஒன்றரைதான் உங்கள் அளவு.

புது பார் வந்திருந்தால் கவனம் கூடுதலாக வேண்டும். அதில் இடது, வலது என்று குறி இருக்கும், மாற்றிப் போட்டால் ஒருநாள் முறியும். பழசைக் கழற்ற முதல் போல்ட்டை முழுதாகத் தளர்த்தி, நெம்பில் துளி இறுக்கமும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். முறுகிய நிலையில் கழன்றால் அந்த நெம்பு கையை உடைக்கும். 2005க்குப் பிறகு வந்த எல்200இல் முன்னுக்குக் கொயில் ஸ்பிரிங். இதை வாசிக்கிற வேறு யாரிடமாவது அந்த வகை இருந்தால், ஸ்பிரிங்கை அமத்திக் கழற்றுகிற பகுதியை மட்டும் கராஜுக்குக் கொண்டுபோங்கள். அது முற்றத்து வேலை இல்லை.

எல்லாம் பூட்டி முடிய, வாகனத்தைத் தரையில் விட்டு, தளர்வாக விட்ட போல்ட்டுகளை இறுக்கி, முதலில் நடந்துபோகிற வேகத்தில் வீட்டு ஒழுங்கைக்குள் ஓட்டுங்கள். பிரேக், ஸ்டியரிங், சத்தம். புறப்படும்போது வாகனத்தின் அடித்தளம் அதிர்ந்தால் புரொப்பெலர் சாவ்ட் சரிவு பிழை. அக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் ஆப்புத் தகடு வைத்தோ, நடு பெயரிங்கைக் கொஞ்சம் இறக்கியோ சரிசெய்யலாம். சோதித்துப் பார்க்கிறேன் என்று புதுக் காட்டுப் பாதையில் இறங்காதீர்கள். மிதிவெடி அகற்றி முடியாத இடங்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன, சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்டால் தடத்தை விட்டு ஒரு சில்லும் விலக வேண்டாம்.

அடுத்தது வீல் அலைன்மென்ட். முன்பக்கத்தை உயர்த்தியதும் சில்லின் மேற்பக்கம் வெளியே சாயும், டோவும் (முன் சில்லுகள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவு) மாறியிருக்கும். அலைன்மென்ட் செய்யாமல் ஓடினால் புது டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்து போய்விடும். வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அவசரமில்லாத வேகத்தில் போய்ச் செய்துகொள்ளலாம். ஹெட் லைட்டை அதே நாளில் இறக்குங்கள். ஏ9இல் எதிரே வருகிறவர் கண்ணைக் கூச வைக்காதீர்கள். யூ போல்ட்டை 100 கிலோமீற்றர் ஓடியதும் ஒருமுறை, 500இல் இன்னொருமுறை இறுக்கிப் பாருங்கள். புது ஸ்பிரிங் முதலில் கொஞ்சம் அமரும், அப்போது நட்டில் தளர்வு வரும். வாகனத்தில் மாற்றம் செய்ததைக் காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்து வையுங்கள். விபத்து நடந்த பிறகு அந்தக் கதையை அவர்கள் தொடங்கினால் உங்களிடம் பதில் இருக்காது. இன்னொன்று, உயர்த்தியதால் கூடுதல் பாரம் ஏற்றலாம் என்றில்லை. செஸியும் அக்சிலும் பிரேக்கும் பழசுதானே.

டயரை இதெல்லாம் முடிந்த பிறகு வாங்குங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து, முடிந்தால் யாரிடமாவது ஒரு 31ஐ இரவல் வாங்கிப் பூட்டிப் பாருங்கள். 31 போட்டால் ஸ்பீட் மீற்றர் 60 காட்டும்போது உண்மையில் 64 அளவில் ஓடுவீர்கள். வாங்கினால் ஸ்பெயாரோடு சேர்த்து ஐந்தும் ஒரே அளவில் வாங்க வேண்டும். வித்தியாசமான அளவு டயரோடு நாலு சில்லு இழுவை போட்டு இறுகிய வீதியில் ஓடினால் ட்ரான்ஸ்பர் கேஸ் முறுகும். பின்னுக்குக் கீழே ஸ்பெயார் தொங்குகிற இடத்தில் 31 கொள்ளுமா என்பதையும் இப்போதே அளந்து பாருங்கள்.